பாயிண்ட் மூணு அளந்த பதினொரு வண்டிகள்

இடுக்கி மாவட்டத்தில், நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்குக்கூட பிரேக் போதாது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பாயிண்ட் மூணுதான். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டிலும், அவர் ஃபிட்டராக இருந்த தேயிலை ஃபேக்டரியின் பதிவேட்டிலும் அது இருக்கும். வண்டன்மேட்டில் அவருக்கு மூன்று வீடு தள்ளிப் பல வருடம் குடியிருந்த நான் அதைக் கேட்டதே இல்லை. "பாயிண்ட் மூணு இருக்காரா?" என்று வாசலில் யாராவது குரல் கொடுத்தால், அவர் மனைவி பேச்சியம்மாவே "குளிக்காரு, உக்காருங்க" என்றுதான் பதில் சொல்வார்.

பெயர் அவராகச் சம்பாதித்தது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் வட்டமான இரும்புத் தகடு ஒன்று சுற்றுமே, அந்த பிரேக் டிஸ்க் நேராகச் சுற்ற வேண்டும். கோணினால் பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலைத் திருப்பி உதைக்கும். எவ்வளவு கோணலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. பாயிண்ட் மூணு. அதற்கு மேல் போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டும். ஊரில் மற்றவர்கள் மழையைப் பற்றியும் ஏலக்காய் விலையைப் பற்றியும் பேசும்போது, இவர் பாயிண்ட் மூணைப் பற்றிப் பேசினார்.

பேசினால் போதாதென்று அளக்கவும் செய்தார். ஃபேக்டரி இயந்திரங்களின் உருளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கும் டயல் கேஜ், சொந்தமாக ஒன்று வைத்திருந்தார். பழைய பனியன் துணியில் சுற்றி, தூக்குச்சட்டிக்குள் வைத்து, எங்கே போனாலும் கொண்டுபோவார். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, கேஜின் முள் டிஸ்க்கைத் தொடும்படி வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றுவார். அதற்கு முன்சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். எழும்ப வேண்டுமானால் பின்சீட்டில் கனமாக ஒருவர் உட்கார வேண்டும்.

"பேச்சி! வா, வந்து உக்காரு!"

பேச்சியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு வந்து ஏறுவார். யாருடைய வண்டி என்றுகூடப் பார்க்க மாட்டார். இவர் அளந்து முடிப்பதற்குள் கீரையை உருவி முடித்துவிடுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கலியாணம் ஆகி வந்ததுலயிருந்து ஊரு வண்டி பூராத்துலயும் ஏறிட்டேன் தம்பி. ஒண்ணுலயும் ஒரு எடத்துக்கும் போனதில்ல. நாந்தேன் இந்த வீட்டு எடைக்கல்லு."

ஒரு கல்யாணத்தில் நடந்ததை இன்றும் சொல்வார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் தாலி கட்டிய கையோடு, பூச்சுற்றிய வண்டியில் கம்பம்மெட்டு இறக்கம் வழியாகக் கம்பத்துக்குக் கிளம்ப வேண்டும். பாயிண்ட் மூணு மொய் எழுதிவிட்டு நேராக வண்டியிடம் போனார். தூக்குச்சட்டி திறந்தது. பட்டுப்புடவையோடு பேச்சியம்மா பின்சீட்டில் ஏறினார்.

"பாயிண்ட் அஞ்சு," என்றார் நிமிர்ந்து. "பொண்ண ஜீப்புல அனுப்புங்க."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், சோறு தின்னுட்டுப் போற ஆளு நீ. நல்ல நாளும் அதுவுமா இரும்பை நோண்டிக்கிட்டு!"

"நல்ல நாளுக்குத் தனியா எறக்கம் போட்டு வச்சிருக்காகளா? கொண்டை ஊசி வளைவு எல்லா நாளும் கொண்டை ஊசிதேன்."

பேச்சு நீண்டது. கடைசியில் ஜீப் வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பாயிண்ட் மூணுக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை என்று கேள்வி. அவர் அதைக் கவனிக்கவில்லை. வைத்திருந்தாலும் வளைந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்னொரு நாள், பெரிய சைக்கிள் போல் அல்ல, சின்ன யானை போல் வண்டி வைத்திருந்த வெளியூர்ப் பையன் ஒருவன், வழி கேட்க நிறுத்தினான். ராமக்கல்மேட்டுக்கு எப்படிப் போவது என்றான். "சொல்றேன். மொதல்ல நடு ஸ்டாண்டு போடுங்க," என்றார் இவர். அந்த வண்டிக்கு நடு ஸ்டாண்டே கிடையாது. அரை மணி நேரம் கழித்து, முன்பக்கம் ஜாக்கி வைத்து அளந்து, "பாயிண்ட் ஒண்ணு, தாராளமாப் போகலாம்," என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு வழி கிடைத்தது.

ஏன் இந்தப் பிடிவாதம்? பழைய விபத்து ஏதோ இருக்கும் என்று தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் அப்போது ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். காரணம் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்று பழக்கப்பட்டவன். நேராகவே கேட்டேன். அவர் என் வண்டியின் டிஸ்க்கைத் துணியால் துடைத்து, விளிம்பில் பொறித்திருந்த சின்ன எழுத்துகளைக் காட்டினார். இந்தக் கனத்துக்குக் கீழே தேய்ந்தால் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பு அது. மூன்றரை மில்லிமீட்டர்.

"எழுதியிருக்கான்ல தம்பி," என்றார். "அம்புட்டுதேன்."

பிரச்சினை வந்தது ஆர்.சி. புக் வழியாக. அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன், ஏலக்காய் விலை மளமளவென்று ஏறிய சமயத்தில், எங்கள் தெருவில் பதினொரு பேர் மோட்டார் சைக்கிள் வாங்கினோம். முதலில் வாங்கியவர் கறுப்பில் ஒரு நூற்றைம்பது சி.சி. வண்டி வாங்கினார். மற்ற பத்துப் பேரும் அதையே வாங்கினோம். எங்கள் தெருவில் கோழி வாங்கினாலும் அப்படித்தான். பதினைந்து வருடம் முடிந்தால் வண்டியை இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஒன்றாக வாங்கிய பதினொன்றுக்கும் ஒன்றாகவே கெடு வந்தது.

பாயிண்ட் மூணு நோட்டும், கனம் அளக்கும் மைக்ரோமீட்டருமாக வீடு வீடாக வந்தார். பதினொரு டிஸ்க்கும் தேய்ந்திருந்தன. என்னுடையது மூன்று புள்ளி மூன்று. அவருடையது மூன்று புள்ளி நான்கு. கோணல் என்று பார்த்தால் அவருடையது பாயிண்ட் ஒன்றுதான், ஊரிலேயே நேரான டிஸ்க். ஆனால் கனத்தில் தோற்றுவிட்டது. அதை அவரே தெருமுனையில் நின்று அறிவித்தார். அன்றிலிருந்து வண்டியைத் தொடவில்லை. காலை ஷிஃப்டுக்கு பஸ் கிடையாது. ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் நடந்தே ஃபேக்டரிக்குப் போனார், தூக்குச்சட்டியோடு.

புது டிஸ்க் கிடைக்கவில்லை. அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. கட்டப்பனையில் ஒரு கடையில் கடைசியாகக் கிடந்த ஒன்றை, எங்கள் பதினொரு பேரில் ஒருவனான வொர்க்‌ஷாப் செல்வம் வாங்கி வந்தான். ஒன்றை வைத்துப் பதினொரு வண்டிக்கு என்ன செய்வது? செல்வம் யோசித்தான். தெருவும் யோசித்தது. ஒரே மாடல், ஒரே போல்ட்டு. டெஸ்ட்டுக்குப் போகும் வண்டியில் அதை மாட்டுவது, பாஸானதும் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டுவது. பக்கக் கண்ணாடி ஜோடி ஒன்றும், நன்றாகக் கத்தும் ஹாரன் ஒன்றும் அதனுடன் சேர்ந்துகொண்டன. திருவிழாவுக்கு இரவல் நகை போடுவதுபோல அந்த மூன்றையும் போட்டுக்கொண்டு ஒன்பது வண்டிகள் போய்ப் பாஸாகித் திரும்பின. மாறிவிடக் கூடாது என்று டிஸ்க்கின் நடுவில் செல்வம் நீலப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்திருந்தான்.

மிச்சம் என் வண்டியும் அவர் வண்டியும். இருவருக்கும் ஒரே நாள்.

"அண்ணே, ஒரு மணி நேரம்தானே," என்று செல்வம் கெஞ்சினான். "மாட்டிக்கிட்டுப் போங்க. வந்ததும் கழத்திருவோம்."

"கழத்துனதுக்கப்புறம் எறக்கத்துல யாரு வந்து பிடிப்பா? இன்ஸ்பெக்டரா?"

"அப்ப வண்டிய எடைக்குத்தேன் போடணும்."

"போடுவோம். பொய்யி சொல்லிட்டு ஓட்டுறதுக்கு அது தேவல."

"நடந்தே சாவுங்க!" என்றான் செல்வம். உள்ளே இருந்து பேச்சியம்மா, "அத அவரு மட்டும் செய்யட்டும், எனக்குக் காலு வலிக்கி," என்றார்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னிடம் கொஞ்சம் நேர்மையை எதிர்பார்க்கலாம். நீலப் பொட்டு வைத்த டிஸ்க்கை நான் மாட்டிக்கொண்டேன். நகரசபை ஊழல்களைப் பற்றி நிறைய எழுதியவன் நான்.

டெஸ்ட் நடக்கும் மைதானத்துக்கு நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். பாயிண்ட் மூணு பிக்கப் ஜீப்பில் வந்தார். சாலையில் ஓடத் தகுதியானதா என்று சோதிக்க வேண்டிய வண்டி, கயிறு கட்டி, தார்ப்பாய் போர்த்தி, ஜீப்பின் பின்னால் படுத்து வந்தது. முன்சீட்டில் பேச்சியம்மா. "எதுக்கு மதினி நீங்க?" என்றேன். "அங்க எடைக்கல்லு இருக்குமோ இருக்காதோன்னு கூட்டியாந்துட்டாரு," என்றார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட இளைஞர். மலையாளம் கலந்த தமிழ் பேசினார். பாயிண்ட் மூணின் வண்டியில் ஷாஸி நம்பரைப் பார்த்தார், விளக்கு, ஹாரன் பார்த்தார். ஏறி இருபது அடி ஓட்டி பிரேக் பிடித்தார். வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது.

"ஓகே. பாஸ். போய்க்கோ."

பாயிண்ட் மூணு போகவில்லை. "சார், அந்த டிஸ்க்கு தேஞ்சிருக்கு."

"வண்டி நின்னல்லோ சேட்டா?"

"இன்னிக்கு நிக்கும் சார். மூணரை இருக்கணும், மூணு நாலுதேன் இருக்கு. அதுலயே எழுதியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்டெ சர்வீஸில், பாஸாக்கணும்னு கெஞ்சுற ஆளைத்தான் கண்டிருக்கேன். நிங்கள் தன்னெ ஃபெயிலாக்கச் சொல்றதா?"

"ஆமா சார். வெரசா எழுதுங்க. ஜீப்புக்காரன் நிக்கான்."

மைக்ரோமீட்டரை வைத்து மூன்று இடத்தில் அளந்து காட்டினார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, 'உரிமையாளரின் வேண்டுகோளின்படி நிராகரிக்கப்பட்டது' என்று பொருள்படும்படி மலையாளத்தில் எழுதினார்.

அடுத்தது நான்.

இன்ஸ்பெக்டர் என் வண்டியைச் சுற்றி வந்தார். பளபளக்கும் டிஸ்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, கடைக்குப் போன குழந்தை இன்னொரு மிட்டாய் கேட்பதுபோல, தூக்குச்சட்டியைக் காட்டி, "அது இதிலும் ஒன்னு வச்சு நோக்காமோ?" என்றார்.

பேச்சியம்மா என் பின்சீட்டில் ஏறினார். முன்சக்கரம் எழும்பியது. பாயிண்ட் மூணு குனிந்தார். நீலப் பொட்டைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். சக்கரத்தைச் சுற்றினார். முள் துள்ளியது. அவர் சுற்றுவதை நிறுத்தி, துடைத்து, மறுபடியும் சுற்றினார்.

"பாயிண்ட் நாலு," என்றார். அதற்குப் பிறகு, "பாயிண்ட் நாலுக்கும் மேல."

"இது புதிய டிஸ்க் அல்லே? எங்ஙனெ வளைஞ்சு?"

தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் பாயிண்ட் மூணு உடனே பதில் சொல்லிவிடுவார். "பத்துத் தடவ கழத்தி, சுத்தியல்ல தட்டி, அவசரத்துல மாட்டுனா புதுசும் வளையத்தேன் சார் செய்யும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பின்சீட்டில் பேச்சியம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"பத்து?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்து பழைய தாள்களை எடுத்தார். ஒரே தெரு, ஒரே மாடல், ஒரே நிறம். விரலை வைத்து எண்ணினார். ஒன்பது. "எல்லாரும் ஒரு மாசத்தில் திரும்பி வரணும்," என்றார். "புது டிஸ்க்கோடு. ஆளுக்கொரு டிஸ்க்கோடு. இல்லெங்கில் பதினொண்ணும் கேன்சல்."

அன்று மாலை எங்கள் தெருவில் பாயிண்ட் மூணுடன் பேசியவர்கள் மொத்தம் ஒருவர். அதுவும் பேச்சியம்மா. அவரும் திட்டத்தான் செய்தார்.

"ஒரு வாய மூட முடியலயா உம்மால? அம்புட்டு குடும்பமும் வண்டியில்லாம நிக்கப்போகுது!"

"வாய மூடிட்டா டிஸ்க்கு நிமிந்துருமா?"

"டிஸ்க்கு நிமிராது. ஊரு நிமிந்து நிக்கும், கம்ப எடுத்துக்கிட்டு."

செல்வம் அவர் வீட்டு வழியாக நடப்பதையே விட்டுவிட்டான். கடையில் தேங்காய் கேட்டால் இல்லை என்றார்கள். கண்முன்னே தேங்காய் தொங்கியது. பாயிண்ட் மூணு நான்காம் நாள் ஃபேக்டரியில் லீவு போட்டார். தேய்ந்த டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், தூக்குச்சட்டியை இன்னொரு கையில். வழக்கம்போல் பேச்சியம்மாவும் கிளம்பினார். வருகிற வழியில் கோவிலுக்குக் கூட்டிப்போவதாக வாக்கு.

கம்பத்தில் இல்லை. சின்னமனூரில் இல்லை. தேனியில் மூன்று கடையில் சிரித்தார்கள். மதுரையில் இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலா? மேல பரண்ல கெடக்கும். வேணும்னா ஏறி எடுத்துக்கங்க," என்றார். இவர் ஏறினார். இருபத்து மூன்று டிஸ்க் கிடந்தது. மற்றவர்களாக இருந்தால் மேலாக இருந்த பதினொன்றை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். இவர் இருபத்து மூன்றையும் இறக்கி, கடையின் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, அடியில் மெல்லிய தகட்டைச் செருகிச் செருகிப் பார்த்தார்.

"வளவி பாக்க வந்த பொம்பள தோத்தா போங்க!" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டாராம். பேச்சியம்மா சொன்னது இது. கடை சாத்தும் நேரத்துக்குப் பதினொன்று தேறின. கோவில் நடையும் சாத்திவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் சாக்கு மூட்டை ஒவ்வொரு குலுக்கலுக்கும் சலங்கை போல் ஒலித்தது. கண்டக்டர் வந்தார்.

"என்னாய்யா மூட்டையில?"

"பிரேக்கு."

"எதுக்கு?"

"வண்டி நிக்கிறதுக்கு."

கண்டக்டர் மேலே கேட்கவில்லை. ஆனால் உத்தமபாளையம் தாண்டியதும் டிரைவர் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டார் என்று பேச்சியம்மா சத்தியம் செய்கிறார்.

செல்வத்தின் வொர்க்‌ஷாப் வாசலில் சாக்கை இறக்கியபோது செல்வம் முதலில் திரும்பிக்கொண்டான். பாயிண்ட் மூணு சாக்கைப் பிரித்தார். பதினொரு டிஸ்க்கும் காகிதம் சுற்றி, ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. செல்வத்தின் பெயர் மேலாக இருந்தது. அதில் 0.05 என்றும் எழுதியிருந்தது. இருப்பதிலேயே நேரானது அதுதான்.

செல்வம் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தான். "சுத்தியல உள்ள வச்சிர்றேண்ணே," என்றான்.

இரண்டு நாள் பதினொரு வண்டியும் வரிசையில் நின்றன. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. பாயிண்ட் மூணு பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறுக்கையும் எண்ணினார். பதினொரு தடவை பேச்சியம்மா ஏறி இறங்கினார். அந்த வாரம் எங்கள் தெரு முழுவதும் முருங்கைக்கீரை.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். பதினொன்றும் பாஸ். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் தயங்கினார். மர நிழலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"சேட்டா, அதும் ஒன்னு நோக்காமோ?"

பேச்சியம்மா சொல்லாமலே போய் ஏறிக்கொண்டார். முள் துள்ளியது.

"பாயிண்ட் அஞ்சு," என்றார் பாயிண்ட் மூணு. "ஒரு கலியாண வண்டியில பாத்தேன். அதுக்கப்புறம் இன்னிக்குத்தேன் பாக்குறேன். சாவியக் குடுங்க சார்."

"எதுக்கா?"

"செல்வம் உருட்டிக் கொண்டாந்து சரி பண்ணுவான். நீங்க பஸ்ஸுல போங்க."

அரசாங்க அதிகாரி ஒருவர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றதை, செய்தியாளனாக நான் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அது. செய்தி அனுப்பவில்லை. அனுப்பினால், அந்த நீலப் பொட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும்.

பாயிண்ட் மூணு போன வருடம் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றார். மகள் வீட்டோடு இருக்கிறேன் என்று கம்பத்துக்கு இறங்கிவிட்டார். அங்கே சமவெளி; பிரேக்கின் அருமை தெரியாத ஜனங்கள்; மகள் தெருவில் இப்போதே இரண்டு பேர் இவரோடு பேசுவதில்லை என்று பேச்சியம்மா போனில் சொன்னார்.

நேற்று கம்பம்மெட்டு இறக்கத்தில், நான்காவது வளைவில், முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் விரலைத் துளிகூட உதைக்கவில்லை; பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. இருந்தும், பேச்சியம்மா போனில் சொன்னதை நினைத்து, வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் செய்து, "அண்ணே, பிரேக்கு லேசா ஆடுற மாதிரி இருக்கு," என்றேன்.

"நாளைக்குக் காலையில கொண்டாங்க," என்றார். "ஓட்டிக்கிட்டு வராதீக. ஜீப்புல ஏத்திட்டு வாங்க."

ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன்.